அந்த 53 வயதுக் கதையை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

சனிக்கிழமை பள்ளி விழாவில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் அங்கே எழுந்து பேசிய வீடியோவை நாற்பது விநாடிக்கு வெட்டி, மேலே ‘நன்றி கெட்டவள்’ என்று போட்டு ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்ற விட்டிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

மேடையில் சொன்ன கதை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர். 53 வயதில் தீராத நோய், இன்னும் ஒரு வருடம்தான் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரு ராத்திரி ஞானம் பிறந்தது. மறுநாளிலிருந்து அள்ளிக் கொடுத்தார், அந்தப் பணத்தில் பென்சிலின் கண்டுபிடித்தார்கள், நோய் ஓடிப்போனது, 98 வயது வரை வாழ்ந்தார். கைதட்டல். நான் எழுந்து, “சார், அது அப்படி இல்லை. அவர் பதினாறு வயதிலிருந்தே கொடுத்தவர்” என்றேன். அடுத்த வரி சொல்வதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

கவனியுங்கள், நான் அந்த மனிதரைக் குறைத்துப் பேசவில்லை. அவர் கொடுத்ததைக் கூட்டித்தான் சொன்னேன்.

ஜான் டி. ராக்ஃபெல்லர் பிறந்தது 1839-இல். அப்பா ஊர் ஊராகப் போய் ஒன்றுக்கும் உதவாத மருந்து விற்றவர், வேறு பெயரில் இன்னொரு குடும்பமும் வைத்திருந்தவர். பையன் 1855 செப்டம்பர் 26 அன்று கிளீவ்லாந்தில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தான். முதல் மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சம்பளம் 50 டாலர். கடைசி வரைக்கும் பிறந்த நாளைவிட அந்த வேலை கிடைத்த நாளைத்தான் பெரிதாகக் கொண்டாடினார். அப்போதே ஒரு சின்ன சிவப்பு நோட்டுப் போட்டார். லெட்ஜர் ஏ என்று பெயர். வாடகை, துணி, சர்ச்சுக்குப் போட்ட சில்லறை, ஏழைகளுக்குக் கொடுத்த காசு எல்லாம் அதில் இருக்கிறது. கறுப்பினத்தவர் ஒருவர் தன் மனைவியை அடிமைத்தனத்திலிருந்து மீட்பதற்குக் கொடுத்த பணமும் அவர் கணக்கில் இருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயதுதான். 1882-இல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் படித்த பள்ளிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் பிறகு அவர் மனைவி குடும்பத்தின் பெயரில் ஸ்பெல்மன் கல்லூரி ஆனது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு முதல் 6 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது 1889-இல். இதில் எது 53 வயதுக்குப் பிறகு?

1890-களில் அவருக்கு வயிற்றுக் கோளாறு இருந்தது, பின்னால் தலைமுடியும் புருவமும் கொட்டிப்போயின. அது நிஜம். இறந்தது 1937 மே மாதம், 97 வயதில். பென்சிலினை ஃபிளெமிங் லண்டனில் கண்டது 1928-இல். அதை மருந்தாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது, அவ்வளவுதான்.

“தேதி முன்னே பின்னே இருந்தால் என்ன, கருத்து நல்லதுதானே” என்று பத்துப் பேராவது எழுதியிருக்கிறீர்கள். கருத்துதான் தப்பு. அந்தக் கதை மனிதரை இரண்டாக வெட்டுகிறது: 53 வரை பணப்பேய், அப்புறம் புண்ணியவான். அப்படி இரண்டு பேர் இருந்ததே இல்லை. கொடுத்த கையும் பறித்த கையும் ஒரே கை, அதுவும் ஒரே காலத்தில்.

1872-ஐப் பாருங்கள். ரயில் கம்பெனிகளோடு ஒரு ரகசிய ஒப்பந்தம். இவருடைய சரக்குக்குக் கூலியில் தள்ளுபடி, அதோடு போட்டியாளர்கள் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாயின் கூலியிலும் இவருக்கு ஒரு பங்கு. உங்கள் சரக்கை நீங்கள் அனுப்பினால் உங்களை அழிக்கப் போகிறவனுக்கு நீங்களே பணம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். விஷயம் வெளியே வந்து ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன்னே ரத்தானது. ஆனால் அதற்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 இவர் கைக்கு வந்துவிட்டன. அந்த மாதங்களிலும் அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனார், காணிக்கை போட்டார். வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். மனசாரத்தான் போட்டிருப்பார். அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இன்னொன்று. ஏற்றுமதிக்குப் போகும் மண்ணெண்ணெய் டின்களை ஈயம் பற்ற வைத்து அடைக்கிற இடத்தில் போய் நின்று, ஒரு டின்னுக்கு எத்தனை சொட்டு என்று கேட்டார். நாற்பது. முப்பத்தெட்டில் செய்து பாருங்கள் என்றார். சில டின் ஒழுகியது. முப்பத்தொன்பதில் ஒன்றுகூட ஒழுகவில்லை. அதன்பிறகு எல்லா டின்னுக்கும் முப்பத்தொன்பதுதான். இதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். படித்தபோது எனக்கு வியப்பைவிட வயிற்றைப் பிசைந்ததுதான் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா எண்ணெய் மில்லில் கணக்குப்பிள்ளை. எந்த மில் என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். பள்ளி விட்டதும் அப்பாவுக்கு டிபன் கேரியர் கொண்டு போவேன். பிண்ணாக்கு வாசனையோடு, டின் பற்ற வைக்கும் இடத்துப் புகை கண்ணைக் கரிக்கும். அங்கே குத்த வைத்து உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்த்தால் ஓர் ஈயச் சொட்டைத் தண்ணீரில் விட்டு, ஆறிய மணியை உள்ளங்கையில் வைப்பார். ஒருமுறை லோடு போன லாரியில் நாலு டின் ஒழுகிவிட்டது. நாலு டின் கடலை எண்ணெய், அறுபது கிலோ. முழுப் பணத்தையும் அவர் கூலியில் வாரா வாரம் பிடிக்கச் சொன்னார் முதலாளி. எழுதியது என் அப்பா. “பற்று வெச்சவர் பேர்லயே பற்று எழுதினேன்” என்று ராத்திரி அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதே பேரேட்டில், அதே பக்கத்தில், பள்ளிக் கட்டட நன்கொடை என்று ஒரு பெரிய தொகையையும் அப்பாதான் எழுதினார்.

அந்தக் கட்டடத்தில்தான் நான் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தேன். அதே கட்டடத்தின் விழாவில்தான் என் மைக்கைப் பிடுங்கினார்கள்.

“அவர் கட்டாவிட்டால் நீ படித்திருப்பாயா?” மாட்டேன். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஐடா ஸ்கடரின் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உட்பட ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக 1920-களில், 20 லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் பணம். என் பெரியம்மா வேலூரில்தான் பிழைத்து வந்தார். அந்தக் கடனை நான் மறுக்கவே இல்லை. கொக்கிப்புழுவை ஒழிக்கக் கொடுத்தது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மொத்தம் 54 கோடி டாலர் என்று அவர் கொடுத்த கணக்கை உங்களைவிட நான் கூடவே சொல்வேன். ஆனால் வரவு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பேரேட்டை மூடச் சொல்லாதீர்கள்.

“அந்தக் காலத்தில் தள்ளுபடி சட்டவிரோதம் இல்லை” என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து மனிதர்களே அதை அநியாயம் என்றுதானே தெருவில் இறங்கினார்கள்? 1905-இல் அவர் ஒரு மிஷன் சபைக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தபோது, கறைபட்ட பணம், வேண்டாம் என்று பாதிரிமார்களே எதிர்த்தார்கள். அது நம் மதுரையில் பள்ளியும் கல்லூரியும் நடத்திய அதே அமெரிக்க மிஷன் சபை. 1911-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தது. நான் கேட்பது புதிய கேள்வியே இல்லை.

பொறாமை என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

1914-இல் கொலராடோவின் லட்லோவில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்த சுரங்கங்களின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் இருந்தார்கள். கூடாரங்கள் எரிந்தபோது கீழே தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுமுட்டிச் செத்தார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மேடையில் கதை சொன்னவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் எழுந்தே இருக்க மாட்டேன்.

ராக்ஃபெல்லரைப் பற்றி விவரமாக எழுதியவர் ஐடா டார்பெல். எண்ணெய் வயல் ஊரில் வளர்ந்தவர், அப்பா எண்ணெய்த் தொட்டி செய்தவர், அப்புறம் சொந்தக் கிணறு வைத்திருந்தவர். 1872-இல் அப்பாவின் முகம் மாறியதைப் பதினாலு வயதில் பார்த்த பெண். முப்பது வருடம் கழித்து அவர் பத்திரிகையில் எழுதப் போனபோது, வேண்டாம், அந்தக் கம்பெனி பத்திரிகையையே அழித்துவிடும் என்று தடுத்தவரும் அதே அப்பாதான்.

என் அப்பாவும் தடுத்தார். 84 வயது. வீடியோவை யாரோ காட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரி ஃபோனில், “அப்ப அவர் முதல் சம்பளத்துலயே குடுத்தாராம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நம்ம முதலாளியும் அப்படித்தான். கோயிலுக்குக் குடுக்காத மாசமே கிடையாது” என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எழுதாதம்மா” என்றார்.

அந்தப் பற்று வைத்தவரின் பெயர் என்னப்பா என்று கேட்டேன். நாற்பது வருடத்துக்குப் பிறகும் இனிஷியலோடு சொன்னார். வாரத்துக்கு எவ்வளவு பிடித்தது, எத்தனை வாரம் பிடித்தது என்றும் சொன்னார். பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் என்னோடு அதே கட்டடத்தில் படித்தவள். சனிக்கிழமை அவளும் வந்திருந்தாள், பின் வரிசையில்.