லுட்விக் கொடுமைக்காரக் கணவரா?

ஹங்கேரியின் புனித எலிசபெத்தைப் பற்றி ஒரு கதை அடிக்கடி பகிரப்படுகிறது. ஏழைகளுக்கு அவர் ஒளித்து எடுத்துப்போன ரொட்டியைக் கஞ்சக் கணவர் பிடித்துவிட்டாராம். மேலாடையை விலக்கினால் உள்ளே ரோஜாப்பூக்களாம். அப்புறம் அந்தக் கணவரே அவரைக் கோட்டையைவிட்டுத் துரத்தினாராம்.

அந்தக் கணவர் ஜெர்மனியின் துரிங்கியாவை ஆண்ட நான்காம் லுட்விக். 1221-இல் திருமணம் நடந்தபோது அவருக்கு 20 வயது, எலிசபெத்துக்கு 14. 1226-இல் பஞ்சம் வந்தது. லுட்விக் பேரரசர் வேலையாக இத்தாலியில் இருந்தார். எலிசபெத் களஞ்சியங்களைத் திறந்து தானியத்தை வாரிக் கொடுத்தார். திரும்பி வந்தவரிடம் அதிகாரிகள் கோள் சொன்னார்கள். அவரோ மனைவி பக்கமே நின்றார். கஞ்சர் செய்கிற காரியமா இது?

துரத்தினார் என்பது நடக்கவே முடியாதது. சிலுவைப் போருக்குக் கிளம்பிய லுட்விக் 1227 செப்டம்பர் 11 அன்று இத்தாலியின் ஒத்ராந்தோவில் காய்ச்சலில் இறந்தார். கடைசி மகள் கெர்ட்ரூட் பிறந்ததே அதற்குப் பிறகுதான். எலிசபெத் வார்ட்புர்க் கோட்டையைவிட்டு வெளியேறியதும் அப்போதுதான். ஆட்சி லுட்விக்கின் தம்பி ஹைன்ரிக் ராஸ்பே கையில் இருந்தது. கொடுமை என்றால் எலிசபெத்தின் ஆன்ம குரு கான்ராடைத்தான் சொல்ல வேண்டும்; அவர் அடித்ததைப் பணிப்பெண்களே சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, ரோஜா? அவரைப் பற்றிய ஆரம்பகாலச் சாட்சியங்களில் அது இல்லை. இதே அற்புதத்தை அவரது உறவுவழிப் பேத்தியான போர்ச்சுகல் எலிசபெத்துக்கும் சொல்கிறார்கள். லுட்விக்கையோ துரிங்கிய மக்கள் ‘புனிதர்’ என்றே அழைத்தார்கள், திருச்சபை அந்தப் பட்டத்தைத் தராதபோதும்.