தபால் வண்டி மோதினால் நஷ்டஈடு கிடையாதா?

"அமெரிக்காவில் தபால் வண்டி இடித்தால் நம் தலையெழுத்து அவ்வளவுதான், மத்திய அரசு மீது கேஸே போட முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1946-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது கவனக்குறைவால் காயமோ சேதமோ ஏற்படுத்தினால், நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் சம்பந்தப்பட்ட துறைக்கு எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். அதற்கென்றே 'படிவம் 95' இருக்கிறது, இலவசம்தான். கேட்கும் தொகையை அதில் டாலரில் திட்டவட்டமாக எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மனுவே செல்லாமல் போகலாம். கெடு 2 வருடம். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிச் சும்மா இருப்பவர்கள் இழப்பது அந்தக் காலத்தைத்தான்.

துறை மறுத்துக் கடிதம் அனுப்பினால், அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஜூரி (பொதுமக்கள் அடங்கிய தீர்ப்புக் குழு) கிடையாது. விதிவிலக்குகளும் உண்டு: தபாலில் போட்ட கடிதம் தொலைந்தது என்று இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28-இல் 2401, 2675, 2680 பிரிவுகளைப் பாருங்கள். பிரதிநிதிகள் சபையின் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.