டீச்சர், ஜீப்ரா கிராசிங் எங்க இருக்கு?

ஜனவரி மாதம் எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகள் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு வரி வரியாகத் திருப்பிச் சொல்வார்கள். அப்புறம் வாசகம் எழுதும் போட்டி, ஓவியப் போட்டி, பதாகைகளோடு பேருந்து நிலையம் வரை ஒரு பேரணி. முன்பெல்லாம் இது ஒரு வாரம். 2021-இல் முதல் தடவையாக ஒரு மாதம் என்று ஆக்கினார்கள். நான் கணக்கு டீச்சர். பதினாறு வருட வேலையில் ஒரே ஒரு பேரணிக்குத்தான் போகவில்லை, அந்த வருடம் பிரசவ விடுப்பில் இருந்தேன். எல்லாவற்றையும் மனதாரத்தான் நடத்தினோம். ஆனாலும் போன வருடம் ஏழாம் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு, இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு சமூக அறிவியல் டீச்சர் விடுப்பு. அந்தப் பாடவேளைக்கு நான் போனேன். ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் 'சாலை பாதுகாப்பு' என்று ஒரு பாடமே உண்டு. ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். ஜீப்ரா கிராசிங்கில்தான் சாலையைக் கடக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டான். "டீச்சர், நம்ம ரோட்ல ஜீப்ரா கிராசிங் எங்க இருக்கு?"

எங்கள் பள்ளி நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். முறையாகக் கடப்பதென்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாலத்துக்குக் கீழே போய்த் திரும்பி வர வேண்டும். ஐந்து கிலோ புத்தகப் பையோடு எந்தப் பிள்ளை அப்படிச் சுற்றும்? பள்ளிக்கு எதிரே சென்டர் மீடியனில் கால் பட்டுப் பட்டு ஒரு தடம் விழுந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள். மீடியனில் ஆள் உயரத்துக்கு அரளி. வண்டி ஓட்டி வருகிறவருக்கு அந்தச் செடிக்குப் பின்னால் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது. தலையை நீட்டி எட்டிப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் தெரியும்.

அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "இல்லப்பா" என்று மட்டும் சொன்னேன். "அப்ப நாங்க எப்படி டீச்சர் கடக்கிறது?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தேடியது நம் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வியைத்தான். பள்ளியில் சொல்லிக்கொடுப்பதால் விபத்து குறைகிறதா? நடந்து போகிறவர்களுக்குத் தரும் பாதுகாப்புக் கல்வியைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த தொகுப்பு ஒன்றை காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2002-இல் வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு விஷயம் தெரிய வருகிறது, கடக்கும் விதமும் கொஞ்சம் மாறுகிறது, ஆனால் நாளாக ஆக மறந்துபோகிறது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறது. இதனால் காயமோ சாவோ குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறது. பள்ளியிலேயே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நாடுகளைப் பற்றி இன்னொரு தொகுப்பு. அங்கும் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை, பிள்ளைகள் சீக்கிரமே உரிமம் வாங்கிவிடுவதுதான் நடந்திருக்கிறது. ஆனால் ஹெல்மெட்டைப் பற்றிய தொகுப்பில் பதில் தெளிவாக இருக்கிறது. போட்டிருந்தால் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் சாவு சுமார் 42 சதவீதமும் குறைகிறது.

படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினைந்து பேரணி நடத்தியிருக்கிறோமே!

2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம், 64,105. உலக அளவில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அந்த வயதுக்காரர்கள்.

சரி, இந்த நாட்டில் இதற்காக உண்மையாகவே வேலை செய்கிறவர்கள் யார் என்று பார்த்தேன். பெரும்பாலான அமைப்புகள் துண்டறிக்கை தருகின்றன, ஹெல்மெட் தருகின்றன, எங்களைப் போலப் பேரணி நடத்துகின்றன. நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் என் மனதில் நின்றவர்கள் சாலையையும் சட்டத்தையும் மாற்றப் போனவர்கள்.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். நொறுங்கிய எலும்புகளை நாள் முழுக்கச் சேர்த்துக்கொண்டிருப்பவர், அது நொறுங்காமல் இருக்க வழி கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 அன்று நீதிமன்றம் நீண்ட உத்தரவு ஒன்று போட்டது. மாநிலத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும், தனி நிதி வேண்டும், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும், அடிக்கடி விபத்து நடக்கும் பிளாக் ஸ்பாட்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும், சாலைகள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று தணிக்கை வேண்டும். பள்ளிப் பாடத்தில் சாலைப் பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும் என்பதும் அந்த வரிசையில் ஒன்று.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். பாடமும் மாவட்டக் குழுவும் ஒரே உத்தரவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்காரர்களான நாங்கள் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆட்சியர் தலைமையில் அப்படி ஒரு குழு இருப்பதே பதினாறு வருடம் வேலை பார்த்த எனக்குத் தெரியாது. எங்கள் கைக்கு வந்த எந்தத் துண்டறிக்கையிலும் அது இல்லை.

இன்னொன்று சேவ்லைஃப் ஃபவுண்டேஷன், டெல்லியில் 2008-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய பியூஷ் திவாரியின் தம்பி முறையான ஒரு பள்ளி மாணவர், 2007-இல் அடிபட்டு ரோட்டோரம் கிடந்தும் உதவி கிடைக்காமல் இறந்துபோனார். இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம். அவர் விழுந்து கிடந்தபோதும் சுற்றி இருபது பேர் நின்றார்களாம். "போலீஸ் கேஸு, நமக்கு எதுக்கு" என்று யாரும் தொடவில்லை. அந்த இருபது பேர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. உதவப் போனவரையே ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவிட்ட காலம் அது. சேவ்லைஃப் வழக்குப் போட்டு, 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு தரும் விதிகளைக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது வந்துவிட்டது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கில் மாட்டவும் முடியாது.

தமிழ்நாட்டில் இதோடு இன்னொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம். நம் மாநில எல்லைக்குள் யார் அடிபட்டாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். இதையும் 134ஏ பிரிவையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டேன், அங்கே இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதானே?

அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தரவிதிப்படி சாலையை வடிவமைக்காமலோ, போடாமலோ, பராமரிக்காமலோ விட்டு அதனால் உயிர் போனாலும் ஊனம் ஏற்பட்டாலும், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு அது மிகக் குறைந்த தொகை. இருந்தாலும் 'சாலையும் தப்பு செய்யும்' என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது, அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நாம் இதுவரை பிள்ளைகளிடம் பேசியதெல்லாம் நடக்கிறவர் தப்பும் ஓட்டுகிறவர் தப்பும் மட்டும்தான்.

சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற தகவல் தொகுப்பும் இந்த வழியில் வந்ததுதான். விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீசார் விவரங்களைச் செயலியில் ஏற்றுகிறார்கள், எந்த வளைவில் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பது தெரிகிறது. மும்பை-புனே விரைவுச் சாலையில் சேவ்லைஃப் இப்படித்தான் ஒவ்வொரு இடமாகப் பார்த்து, ஓரத்தில் நிற்கும் லாரிகளிலிருந்து தடுப்பில்லாத தூண்கள் வரை சரிசெய்ய வைத்தது. 2016-இல் 151 பேர் இறந்த சாலையில் 2019-இல் இறந்தவர்கள் 92 பேர்.

இதெல்லாம் படித்த பிறகு நானும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்தது கணக்கு. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கச் சமன்பாடு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போனேன். ஒரு வாளியில் சுண்ணாம்புப் பொடி, ஒரு நீள டேப்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் ஓடும். ஆள் குறுக்கே வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகம்தான். 16.7 மீட்டரில் முதல் கோடு போட்டோம். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதற்கப்புறம் நிற்க இன்னும் 19.8 மீட்டர். மொத்தம் 36.5 மீட்டர். அங்கே ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஒரு பையனை நிறுத்தினோம். ஆரம்பக் கோட்டிலிருந்து பார்த்தால் அவன் முகம் சின்னதாகத் தெரிந்தது. "இவ்வளவு தூரமா?" என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

அடுத்து 80. ஒரு நொடிக்கு 22.2 மீட்டர், நிற்பதற்கு மொத்தம் 57.5 மீட்டர். டேப் போதாமல் மைதானச் சுவர் வரை போய்விட்டோம். அப்புறம் அவர்களிடம் கேட்டேன். 60-இல் வந்த வண்டி நின்றுவிட்ட அதே இடத்தில், 80-இல் வந்த வண்டி என்ன வேகத்தில் இருக்கும்? மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போட்டார்கள். ஒரு பெண் குழந்தைதான் முதலில் எழுந்தாள். "டீச்சர், 61.7 வருது. தப்பா போட்டுட்டேனா?" தப்பில்லை. கூட இருபது வேகத்தில் வந்தவன், மற்றவன் நின்றுவிட்ட இடத்தில் இன்னும் அறுபதுக்கு மேல் வேகத்தில் வந்து மோதுகிறான். கோட்டில் நின்றிருந்த பையன் தானாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

அந்தப் பெண்ணின் அப்பா வேன் ஓட்டுகிறவர். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். "பாப்பா வீட்டு வாசல்ல கோலப்பொடியில கோடு போட்டுக் காட்டுச்சுங்க டீச்சர். இருபது வருசமா ஓட்டறேன், இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லைங்க" என்றார். எனக்கு அது எந்தப் போட்டிப் பரிசையும் விடப் பெரிது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னேன். நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2022-இல் விதி வந்தது. கேட் வாசலில் தினமும் பார்க்கிறேன், அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், முன்னால் நிற்கும் குழந்தை தலையில் ஒன்றுமிருக்காது. அந்த ஒரே வருடத்தில் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் பின்னால் உட்கார்ந்து போய் இறந்தவர்கள் 14,337 பேர். ஹெல்மெட் வழங்கும் அமைப்புகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த தடவை சின்ன அளவிலும் கொண்டு வாருங்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் அளவு.

ஜீப்ரா கிராசிங் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஐந்து நாள் எண்ணினார்கள். மாலை 4.10 முதல் 4.40 வரை, நான்கு பேர் கேட்டுக்கு உள்ளே நின்று, கடந்து போகிறவர்களை நோட்டில் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக் குறித்தார்கள். குறைந்த நாள் 187, அதிகமான நாள் 231. ஓவியப் போட்டியில் எப்போதும் பரிசு வாங்கும் பெண் அந்த இடத்தை அளவோடு வரைந்தாள், அரளிச் செடி எந்த உயரம், பிள்ளை எந்த உயரம் என்று பக்கத்தில் பக்கத்தில். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பெயருக்கு மனுக் கொடுத்தோம்.

இரண்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. மறுபடி ஒரு மனு. அப்புறம் ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து மீடியனில் இருபுறமும் முப்பது மீட்டருக்கு அரளியை வெட்டினார்கள். அடுத்த மாதம் மஞ்சள் பிளிங்கர் விளக்கும், சாலையில் தடதடவென்று அதிரும் வெள்ளைப் பட்டைகளும் வந்தன. கிராசிங்குக்கு அனுமதி 'பரிசீலனையில்' இருக்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது.

இந்த ஜனவரியிலும் உறுதிமொழி எடுத்தோம், பேரணியும் போனோம். அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. பேரணி முடிந்து திரும்பும்போது பக்கத்தில் வந்து, "டீச்சர், லெட்டர்ல தேதி போடலையே, எப்ப போடுவாங்க?" என்று கேட்டான். வருகிற திங்கட்கிழமை மூன்றாவது மனுவோடு போகிறோம். இந்தத் தடவை எண்ணிக்கை நோட்டை அவனே எடுத்துக்கொண்டு வருகிறானாம்.