பாட்டு முடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போகிறாள்?

பள்ளிச் சீருடையில் இருவர் காதலிக்கும் இன்னொரு படத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்; வயிறு எரிகிறது. பதின்வயதுக் காதலைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 16 வயதில் மனம் தடுமாறுவது இயல்பு, அதை அழகாகவும் சொல்லலாம். என் ஆத்திரமெல்லாம் இந்தப் படங்கள் எங்கே முடித்துக்கொள்கின்றன என்பதைப் பற்றியது.

கோபிசெட்டிபாளையத்தின் நெல்வயலும் கொடிவேரி அணைத் தண்ணீரும் காலங்காலமாகப் படக்காரர்களுக்கு வேண்டியிருக்கின்றன. அந்த வரப்போரமாகப் பள்ளிக்குப் போகிற பெண்ணின் காதல் வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் மறுநாள் என்ன ஆகும் என்பது மட்டும் அவர்களுக்கு வேண்டியதில்லை. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, "படிச்ச வரைக்கும் போதும் அம்மிணி" என்று பள்ளியை நிறுத்தி, அத்தை வீட்டிலோ நூல்மில் விடுதியிலோ கொண்டுபோய் விட்டு, 18 வயது நிறைந்ததா என்றுகூடப் பாராமல் அவசர அவசரமாகக் கல்யாணம் பேசி முடிக்கிற வீடுகள் இங்கே இன்னமும் இருக்கின்றன. பையன் வேறு சாதி, அதிலும் தலித் என்றால் உயிருக்கே உத்தரவாதமில்லை. 2015-இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திச்சென்று கொல்லப்பட்ட கோகுல்ராஜும், 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கரும் கல்லூரியில் படித்த, வயது வந்த இளைஞர்கள். அவர்களையே விட்டுவைக்காத ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிப்போவதை இனிப்பான முடிவாகக் காட்ட எப்படி மனம் வருகிறது?

கடைசிக் காட்சியில் இருவரும் பேருந்து ஏறுகிறார்கள், பாட்டு எழும்புகிறது, திரையரங்கம் விசிலடிக்கிறது. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு இருவரையும் ஊரைவிட்டு நடக்கவைத்தபோது அதில் சாதி மதத்தை எதிர்க்கும் துணிச்சலாவது இருந்தது. இன்றைக்கு அந்தத் துணிச்சலும் இல்லை, ஓட்டம் மட்டும் மிச்சம். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவரின் சம்மதம் செல்லாது. பெற்றோர் புகார் கொடுத்தால் பையன்மீது கடத்தல் வழக்கும் போக்சோ வழக்கும் பாயலாம். அவன் 16 வயதைத் தாண்டியிருந்தால், கொடுங்குற்ற வழக்கில் பெரியவர்களைப் போலவே விசாரிக்க 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பெண்ணுக்கோ மருத்துவப் பரிசோதனை, காப்பகம், மறுபடி அதே வீடு. 16 வயதைக் கடந்தவர்களின் விருப்பமான உறவை இந்தச் சட்டத்திலிருந்து விலக்குவதுபற்றி யோசிக்கலாம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. நீதிபதிக்கு உறுத்திய விஷயம் நம் கதாசிரியர்களுக்கு ஏன் உறுத்தவில்லை?

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. இரண்டரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்த பாடம் எது, அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வசனம் கிடையாது. பையனுக்குத் தோழர் கூட்டம், சண்டை, அப்பாவோடு மனத்தாங்கல் எல்லாம் உண்டு. அவளுக்கு ரெட்டை ஜடையும் ஓரப்பார்வையும் மட்டுமே. அவன் நாள் தவறாமல் பின்தொடர்வது வீரம், அவள் பயந்து ஒதுங்குவது வெட்கம். அடுத்த படத்தை எடுக்கிறவர் யாராக இருந்தாலும், அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினாளா இல்லையா என்பதையாவது எங்களுக்குச் சொல்லிவிட்டுப் படத்தை முடிக்கட்டும்.