ஆளுக்கொரு பாட்டு போதும், இனி ஒரு அல்பம் செய்யுங்கள் தம்பிமாரே

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறாவூர் தொடக்கம் பொத்துவில் வரை றப் பாடுகிற பொடியன்கள் இன்றைக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யூடியூப்பில் போடுவதைத் தேடித் தேடிக் கேட்கிறவன் நான். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். எல்லோரும் தனித்தனியாக ஒரு பாட்டைப் போடுகிறீர்கள். அது நாலு நாள் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடி அடங்கியதும் அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். நம்முடைய பக்கத்துப் பொடியன்கள் எல்லாம் ஒன்றாய் இருந்து செய்த ஒரு முழு அல்பம் இன்னும் என் காதுக்கு எட்டவில்லை. அந்த ஏக்கத்தில்தான் எழுதுகிறேன்.

அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹொப்பில் கூட்டு அல்பம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வூ-டாங் கிளான் என்ற அமெரிக்க றப் குழு. முதல் அல்பம் 1993 நவம்பர் 9இல் வந்தது. ஒன்பது பேர். நியூயோர்க்கில் பேரெடுத்தவர்கள் பெரும்பாலும் பிரொன்க்ஸ், குயின்ஸ், புரூக்ளின் ஆட்கள். மன்ஹாட்டனிலிருந்து படகேறிப் போகிற ஸ்டேட்டன் ஐலண்டை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. அந்தத் தீவைத்தான் இவர்கள் தங்கள் கோட்டையாக்கினார்கள். இசை ஏறக்குறைய முழுவதும் அவர்களில் ரிஸா என்ற ஒருவரின் கையில். பழைய சோல் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டிய துண்டுகள், குங்ஃபூ படங்களின் வசனங்கள், கரகரத்த சத்தம். பளபளப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் குரலுக்குக் குரல் ஆள் வேறு, குணம் வேறு.

அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் நம்முடைய பொடியன்கள் படிக்கவேண்டும். குழுவாக லவுட் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு சேர்ந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனியாக வேறு நிறுவனத்துக்குப் பாட உரிமை வைத்துக்கொண்டார்கள். மெதட் மேன் டெஃப் ஜாமுக்குப் போனார், ஜிஸா கெஃபனுக்குப் போனார். கூட்டாகச் செய்தால் தன் பெயர் அமுங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த ஒரு அல்பம்தான் அவர்கள் ஒவ்வொருவரையும் தனியாகத் தூக்கிவிட்டது.

தமிழிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' அல்பத்தைச் செய்தார்கள். சென்னையில் கானாவையும் றப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது.

ஒரு வீட்டு அறையில் பாட்டு எடுப்பதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். சுவரில் மெத்தையைச் சாய்த்து, ஜன்னலைப் போர்வையால் மூடி, மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். நம்மூர் வெக்கை தெரியும்தானே. பாடிய தம்பிக்கு ஒரு நீள வரியில் ஒவ்வொரு தடவையும் மூச்சு முட்டியது. மூலையில் இருந்த சிநேகிதன் அந்த வரியின் கடைசி இரண்டு சொல்லையும் தான் எடுத்துப் பாடினான். வரி அப்படியே நிமிர்ந்துவிட்டது! ஆனால் அதை வைக்கவில்லை. தனிப்பாட்டாம், ஒரு குரல்தான் வேண்டுமாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நம்முடைய கூத்துக் களரியில் இதுதானே நடக்கிறது? கூத்தர் ஒரு அடியைப் பாடிவிடுவார். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் பாடுகிற நேரத்தில் இவர் ஆடுவார். மத்தளமும் சல்லரியும் விடாமல் போகும். வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்தும் விடியவிடிய ஆடுகிற மண்ணில் பிறந்த பிள்ளைகள், ஒருவன் விட்ட அடியை மற்றவன் வாங்குவதை வேறெங்கும் போய்ப் படிக்கத் தேவையில்லை.

அப்புறம் பீட். பெயர்பெற்ற பாடகர்களின் பாணியில் யாரோ செய்து யூடியூப்பில் போட்ட டைப் பீட்டை எடுத்துப் பாடுகிறீர்கள். அதே பீட்டில் எங்கோ ஒருவர் வேறு மொழியில் பாடிக்கொண்டிருப்பார். அல்பம் என்றால் ஒருவர் பொறுப்பெடுத்து முழு இசையையும் செய்யவேண்டும். மத்தளத்தை நேரில் பதிந்து வெட்டுங்கள், றபான் என்ற கைப்பறையைப் பதியுங்கள், வயலில் பாடுகிற பாட்டிமாரின் கவியைக் கேட்டு அனுமதி வாங்கிப் பதியுங்கள்.

யார் யார் சேரவேண்டும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். கல்முனை றோட்டில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். ஒரு ஊரின் எல்லையில் அடுத்த ஊரின் மதில் நிற்கும். பேசுவது ஒரே தமிழ். ஆனால் பாட்டில் ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பெருமையோடு நின்றுவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் இழந்தவரின் கதை அதில் இல்லை. போர்க்காலத்தில் நடந்த கொடுமைகளை மறக்கச் சொல்லவில்லை. ஒருவர் தன் இழப்பைப் பாடும்போது மற்றவர் அதே அறையில் இருந்து கேட்கவேண்டும், கேட்டுவிட்டு அடுத்த பதினாறு பாரை, அதாவது தன் பங்கு வரிகளை, எழுதவேண்டும் என்கிறேன். வட்ஸ்அப்பில் ஆளுக்கொரு குரல்பதிவு அனுப்பி ஒட்டினால் அது வராது.

முதல் பாட்டுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை. நாவலடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் என்று ஊருக்கு ஒரு குரல். கடல் அன்றைக்கு எந்த ஊரையும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது பாடுகிற பலர் அன்றைக்குக் கைக்குழந்தைகள். வீட்டில் உம்மாவிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். பெண்பிள்ளைகளும் வரவேண்டும், கோரஸுக்கு மட்டும் இல்லை, முழு வேர்ஸுக்கு.

ஏழு பாட்டு இருந்தால் போதும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாவியார் இருக்கிறார், மத்தளம் பதிய அவரோடு நான் பேசித் தருகிறேன். கல்முனைப் பக்கம் நல்ல மைக்கும் ஒரு அறையும் வைத்திருக்கிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.