எத்தனை லட்சம் குஞ்சு என்பதை விடுங்கள், தாய் எத்தனை?

களப்பில் இறால் குஞ்சு விட்டவர்கள் தங்கள் பக்கத்தில் போட்ட படத்துக்குக் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி: இவை எத்தனை தாய் இறாலின் குஞ்சுகள்? அதை அழித்துவிட்டார்கள். சரி, அவர்கள் பக்கம், அவர்கள் விருப்பம். "மீன் மீன்தானே, விட்டால் பெருகும், இவருக்கு எதிலும் குறை" என்று எழுதிய அண்ணைமாருக்காகத்தான் இந்தப் பதிவு.

அப்படி இல்லை அண்ணை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற சால்மன் குடும்பத்து மீனை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். (நுவரெலியாப் பக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதே இனம்தான், ஸ்டீல்ஹெட் கடலுக்குப் போய்த் திரும்பும்.) குஞ்சு பொரிக்கவைத்துத் தொட்டியில் வளர்க்கும் பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் விழுகிறது என்று 2007இல் எழுதினார்கள். 2016இல் இன்னொரு ஆய்வு. ஆற்று மீனின் குஞ்சுகளையும் பொரிப்பகத்தில் ஒரே ஒரு தலைமுறை வளர்ந்த மீனின் குஞ்சுகளையும் ஒரேமாதிரி வளர்த்துப் பார்த்தால், 723 மரபணுக்கள் வேறுவிதமாக இயங்குகின்றன. காயம் ஆறுவது, நோயெதிர்ப்பு சம்பந்தப்பட்டவை அதில் நிறைய. தொட்டி நெரிசலில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும் இடத்தில் எது தாக்குப்பிடிக்குமோ அதுதானே மிஞ்சும்? ஆற்றுக்குத் தேவையானது வேறு.

அதோடு, நாலைந்து தாயில் லட்சம் குஞ்சு எடுத்தால் அந்த லட்சமும் நாலைந்து குடும்பத்துச் சகோதரங்கள்தான். அவை பெருகி இயற்கையானதோடு கலந்தால் மொத்த இனத்தின் மரபு வளமும் சுருங்கக்கூடும். அதனால்தான் கேட்டேன், தாய் எத்தனை என்று.

"அது சால்மன் கூட்டம், இது இறால்" என்கிறீர்கள். நியாயம். அதே கணக்கு இறாலுக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. "அப்ப குஞ்சே விடக்கூடாதோ?" அதை நான் எங்கே சொன்னேன்?

ரொறன்ரோ மச்சான் ஒவ்வொரு இலையுதிர் காலமும் போர்ட் ஹோப்பில் சால்மன் ஆறேறும் வீடியோ அனுப்புவான், "உங்கட ஊரில இது இருக்கோ" என்று. அந்த ஆறு விழும் ஒன்ராறியோ ஏரியின் சொந்த சால்மன் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது, நீ பார்ப்பது பசிபிக் பக்கமிருந்து கொண்டுவந்து விட்ட இனம் என்றேன். அவனுக்கும் கோபம். ஆனால் அவன்கூட "உனக்கென்ன தெரியும்" என்று கேட்கவில்லை.

நீங்கள் கேட்டீர்கள். களப்பில் கம்பு நட்டு வலை கட்டிப் பிடிக்கும் களங்கட்டி வைத்துத்தான் என் அப்பா எங்களைப் படிப்பித்தார். கடலைப் பற்றிப் பேச நான் யாரிடம் அனுமதித் துண்டு வாங்க வேண்டும்? உங்கள் படத்தில் ஒருவருடைய சப்பாத்துக்கூட நனையவில்லை. அதையும் சொன்னால் இன்னும் கோபம் வரும், விடுகிறேன்.