மூன்றாம் வரிசையில் தோற்றோம்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் பலமான அணி எட்மன்டன் ஆயிலர்ஸா, புளோரிடா பேந்தர்ஸா என்று பேச்செடுத்தாலே, ஆயிலர்ஸின் நட்சத்திர வீரரைக் காட்டி, "மெக்டேவிட் இருக்கும் அணிக்கு ஈடு எது?" என்று அடித்துப் பேசிவிடுகிறார்கள். நான் ஆயிலர்ஸ் ரசிகன். இந்த இரண்டு அணிகளும் மோதி, இரண்டு முறையும் நாம் தோற்ற 2024, 2025 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர்களை ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், ஆள்பலத்தில் பேந்தர்ஸ்தான் மேல்.

மெக்டேவிட், டிரைசைட்டில் என்று இரண்டு பேரை மட்டும் நிறுத்திப் பார்த்தால் எட்மன்டனை யாரும் நெருங்க முடியாது. 2024 பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளில், மெக்டேவிட் எடுத்தது 42 புள்ளிகள். அதில் 34 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் போட உதவியதற்கான புள்ளிகள். பழைய ஜாம்பவான் கிரெட்ஸ்கியின் 31 என்ற சாதனை அதோடு உடைந்தது. தோற்ற அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அதை வாங்க அவர் பனித்தளத்துக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டு அகலவில்லை.

ஆனால் ஹாக்கியில் எப்பேர்ப்பட்ட முன்கள வீரரும் முக்கால் நிமிடம் ஓடிவிட்டு வெளியே வந்தாக வேண்டும். 60 நிமிடத்தில் அவர் 23 நிமிடம் ஆடினாலே அதிகம். மூன்று மூன்று முன்கள வீரர்களாக வரிசை வரிசையாக மாறி மாறித்தான் இறங்குவார்கள். மிச்ச நேரம் யார் கையில்? அங்கேதான் நாம் தோற்றோம். பேந்தர்ஸின் மூன்றாம் வரிசையில் மார்ஷண்ட், லுண்டெல், லுவோஸ்டரினென். 37 வயது மார்ஷண்ட் 2025 இறுதித் தொடரில் மட்டும் 6 கோல் போட்டார். ஐந்தாவது ஆட்டத்தில், எட்மன்டன் மண்ணிலேயே, நம் தற்காப்பு வீரர் வால்மனைத் தனியாளாகக் கடந்து பக்கை (ஹாக்கி வட்டை) வலைக்குள் தள்ளினாரே, அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2014 வீரர் தேர்வின் முதல் நான்கு பெயர்களைப் பாருங்கள்: எக்பிளாட், ரைன்ஹார்ட், டிரைசைட்டில், பென்னட். டிரைசைட்டில் மட்டும் நம்மிடம். மற்ற மூவரும் பேந்தர்ஸில். பென்னட்டும் பேந்தர்ஸின் இன்னொரு முன்கள வீரர் டிகாச்சக்கும் நம் பரம வைரியான கல்கரியிலிருந்து அங்கே போனவர்கள். தற்காப்பு வீரர் ஃபோர்ஸ்லிங்கையோ 2021இல் கரோலினா கைவிட்டபோது, பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். இன்று அவர்களுடைய தற்காப்பின் முதுகெலும்பு அவர்தான்.

கோல்காப்பில் ஒப்பீடே வேண்டாம். அந்த இறுதித் தொடர்களில் அவர்களுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் பாப்ரோவ்ஸ்கி. நாம் 2025 இறுதியில் ஸ்கின்னரை உட்காரவைத்து பிக்கார்டைப் போட்டு, மறுபடி ஸ்கின்னரிடமே போனோம். கோல்காப்பாளரை இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால், முன்னால் நிற்கும் தற்காப்பு வீரர்கள் எதை நம்பி ஆடுவார்கள்?

நம் முன்கள வீரர் ஹைமன் காயத்தால் 2025 இறுதியில் ஆடவில்லையே என்பார்கள். இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 2024 பிளேஆஃபில் அவர் 16 கோல் போட்டார். அப்போதும் கோப்பை வரவில்லையே.

2025 ஆறாவது ஆட்டத்தில் ரைன்ஹார்ட் ஒருவரே நான்கு கோல் போட, 5-1 என்று முடிந்தது. அதன் பிறகும் மெக்டேவிட் பழைய 1.25 கோடி டாலர் ஆண்டுச் சம்பளத்துக்கே மேலும் இரண்டு ஆண்டு கையெழுத்திட்டார். எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவர் விட்டுக்கொடுத்த பணத்தில் நிர்வாகம் முதலில் நிலையான ஒரு கோல்காப்பாளரைக் கொண்டுவரட்டும், அடுத்து மூன்றாம் வரிசைக்கு இரண்டு முரட்டு முன்கள வீரர்களை. இன்னொரு நட்சத்திரம் நமக்கு வேண்டாம்.